பேர் வைக்காத நோவுக்கு ஒரு ஃபைல்

வடசென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் மெடிசின் ஓ.பி. (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் நிற்பவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு கட்டைப்பை இருக்கும். ஜவுளிக்கடைப் பேர் போட்ட பை. உள்ளே சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டிய எக்ஸ்ரே, நாலாய் மடித்த ரத்த ரிப்போர்ட், பாதி தின்ற மாத்திரை அட்டை, எழுத்து மங்கிப்போன ஈ.சி.ஜி. தாள், கூடவே மூடி சரியாக இறுகாத தண்ணீர் பாட்டில். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பை கவிழும். அவர் மேலாகக் கிடக்கிற இரண்டு தாளைப் பார்ப்பார். மற்றதெல்லாம் பிரிக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பும்.

சர்க்கரை, பிரஷர் மாதிரி பேர் தெரிந்த நோய்க்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அன்றைய நம்பரைப் பார்த்து மாத்திரை எழுதிவிடலாம். ஆனால் மாதக்கணக்கில் மூட்டு வலி, சாயங்காலமானால் காய்ச்சல், காரணம் தெரியாமல் உடம்பு இளைப்பு, படுத்தால் எழ முடியாத அசதி, எடுத்த ரிப்போர்ட் எல்லாம் 'நார்மல்' என்று அலைகிறவர்களுக்கு அந்தப் பைதான் பாதி வைத்தியம். முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கும் ருமட்டாய்டு நோய்), லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), நுரையீரலுக்கு வெளியே ஒளிந்திருக்கும் டி.பி., குடல் அழற்சி போன்றவை ஒரே நாளில், ஒரே டெஸ்ட்டில் பிடிபடுவது அபூர்வம். எது முதலில் வந்தது, எது பின்னால் சேர்ந்தது, எந்த மாத்திரைக்கு அடங்கியது, எதை நிறுத்தியதும் திரும்பியது என்கிற வரிசையில்தான் பிடிபடும். அந்த வரிசை எந்த லேபிலும் கிடைக்காது. நோயாளியோ கூட வருகிறவரோதான் அதைக் கொண்டுபோக வேண்டும்.

அதனால் முதல் வேலை பையை மாற்றுவது. எந்த ஸ்டேஷனரி கடையிலும் ஓட்டை போட்டுக் கோக்கும் ஃபைல் கிடைக்கும். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. ஃபைலில் புதியது மேலே, பழையது கீழே. ஓ.பி. சீட்டுகளும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு கட்டு, ரத்தம் சிறுநீர் ஒரு கட்டு, ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு தாள்: பேர், வயது, எடை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இப்போது சாப்பிடும் மாத்திரை எத்தனை மி.கி., எந்த மாதத்திலிருந்து, இதுவரை எங்கெல்லாம் அட்மிட் ஆனது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வழவழப்பான தாளில் வரும் ஈ.சி.ஜி., சில மெஷின் பில்கள் எல்லாம் வெப்பத்தில் அச்சாகிறவை. நம்ம ஊர் வெயிலில் நாளடைவில் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் பிடித்துவிட வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் போடக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துப்போகும், ஒன்றும் மிஞ்சாது. ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டோடு ஃபிலிமும் சி.டி.யும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் ஒருவருடைய அபிப்பிராயம். அடுத்த டாக்டருக்குப் படமே வேண்டும்.

நோட்டின் நடுப்பக்கத்தில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் தேதி, மேலே ஹீமோகுளோபின், வெள்ளை அணு, தட்டணு, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (இரண்டும் அழற்சியைக் காட்டுபவை), கிரியாட்டினின் (கிட்னிக்கு), டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), உடல் எடை. ஒவ்வொரு ரிப்போர்ட் வரும்போதும் ஒரு வரி. அரை மணி நேர வேலை, ஆனால் இந்த ஃபைலிலேயே அதிகம் பலன் தருவது இந்தப் பக்கம்தான். ஒரு பெண்ணுக்கு ஜனவரியில் ஹீமோகுளோபின் 11.9, ஏப்ரலில் 11.3, ஜூலையில் 10.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவையும் மூன்று டாக்டர் பார்த்தால் மூவரும் 'கொஞ்சம் ரத்தக் குறைவு, கீரை சாப்பிடு' என்று ஒரு இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பியிருப்பார்கள். அவரவர் பார்த்த நம்பருக்கு அது சரிதான். மூன்றையும் ஒரே கட்டத்தில் பார்க்கிறவர், ரத்தம் எங்கே போகிறது என்று கேட்பார். கட்டம் உதவ வேண்டுமென்றால் முடிந்தவரை ஒரே லேபில் கொடுப்பது நல்லது. லேபுக்கு லேப் மெஷினும் அளவு எல்லையும் மாறும்.

நோட்டின் மறுபக்கம் தினசரிக் குறிப்பு. கதை வேண்டாம், அளவு வேண்டும். காய்ச்சல் வருகிறவர்கள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்து 'அனலா இருக்கு' என்று எழுதினால் பயனில்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 10 என நாலு வேளை, மாத்திரை போடுவதற்கு முன்னால் பார்த்து எழுத வேண்டும். மாத்திரைக்கு அப்புறம் பார்த்தால் மாத்திரையின் காய்ச்சலைத்தான் எழுதுவீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் அடிக்கடி 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சலுக்குக் காரணம் பிடிபடவில்லை என்றால் டாக்டர்கள் அதைத் தனி ரகமாக வைத்துத் தேடுவார்கள். உங்கள் சார்ட் இருந்தால் அந்தத் தேடல் முதல் நாளே தொடங்கும். இல்லாவிட்டால் அட்மிட் செய்து சார்ட் எழுதுவதிலேயே ஒரு வாரம் போகும்.

மூட்டு வலிக்காரர்களுக்கு எழுத வேண்டியது காலை இறுக்கம் எத்தனை நிமிஷம் என்பது. எழுந்த பிறகு அரை மணிக்குள் விட்டுவிடும் இறுக்கம் பெரும்பாலும் தேய்மானம். ஒரு மணி, ஒன்றரை மணி என்று நீண்டு, வேலை செய்யச் செய்ய இளகினால் அது அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். 'வலி பத்துக்கு எத்தனை மார்க்' என்று கேட்டால் நம்ம ஆட்களுக்குச் சொல்லத் தெரியாது, தெரிந்தாலும் ஒருவர் ஏழு இன்னொருவர் மூன்று. அதைவிடத் தெருவிலேயே நல்ல அளவுகோல் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் அடிபம்பில் ஒரு குடம் நிரப்ப முடிகிறதா, எத்தனை தரம் நிறுத்தி நிறுத்தி? குடத்தை இடுப்பில் ஏற்ற முடிகிறதா? பால் பாக்கெட் முனையைக் கிழிக்க முடிகிறதா? ஜாக்கெட் கொக்கி, பின்னல், செருப்பு வார், குந்தி உட்கார்ந்து எழுவது. 'சித்திரை வரைக்கும் முழுக் குடம், வைகாசியில் அரைக் குடம், இப்போ பம்பையே அடிக்க முடியல' என்று எழுதியிருந்தால் எந்த டாக்டருக்கும் அது புரியும்.

வீக்கமும் தடிப்பும் ஓ.பி. நாள் வரை காத்திருக்காது. வந்த அன்றே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள். அளவு தெரியும். முகத்தில் மூக்கின் இரு பக்கமும் சிவந்தால் ஃபில்டர் போடாமல் எடுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் அழகாக்கி அனுப்பிவிடும்.

இனி டாக்டர் முன்னால் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று நிமிஷம். வழக்கமாக நடப்பது இப்படித்தான்:

"என்னம்மா பண்ணுது?"

"ஒடம்பெல்லாம் வலி சார்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா சார். முன்னாடியே பார்த்தோம், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

இதில் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. எதிரில் இருப்பவர் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதுவார், வேறு என்ன செய்ய முடியும்? அதே ஆள் முந்தின ராத்திரி ஒத்திகை பார்த்துக்கொண்டு இப்படிச் சொல்லட்டும்: "சார், ஆடி மாசம் கூழு ஊத்துன வாரத்துல ஆரம்பிச்சுது. ரெண்டு கை வெரல் கணுவும் வீங்குது. காலைல ஒரு மணி நேரம் மடக்க முடியல, அப்புறம் விடுது. ரெண்டு மாசத்துல நாலு கிலோ எறங்கிட்டேன். வலி மாத்திர போட்டா ஆறு மணி நேரம் தாங்குது." அரை நிமிஷம்கூட ஆகாது. தேதி நினைவில்லாதவர்களுக்குத் திருவிழாவும் ஊர்ச் சம்பவமும் கைகொடுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது சாமான்களைப் பரண்மேல் தூக்கி வைத்தது யார்? அப்போது தூக்க முடிந்தது என்றால் நோவு அதற்குப் பின்னால்தான். கேட்கக் கேட்க நினைவு வரும், ஆனால் அதை வீட்டில் கேட்க வேண்டும், வரிசையில் அல்ல.

சீட்டில் எழுதுவதைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் பாதி பயத்தைக் குறைக்கும். நோயின் பேருக்கு முன்னால் கேள்விக்குறி இருந்தால் சந்தேகம் மட்டுமே. 'ஆர்/ஓ' (R/O) என்று போட்டுப் பயங்கரமான பேர் எழுதியிருந்தால் 'அது இல்லை என்று உறுதி செய்யப் பார்க்கிறோம்' என்று அர்த்தம். புற்றுநோய்க்கான சொல்லை அந்த இரண்டெழுத்தோடு பார்த்துவிட்டு, கூகுளில் தேடி, ராத்திரி முழுக்க அழுத குடும்பங்கள் ஏராளம். 'என்.ஏ.டி.' (NAD) என்றால் குறையாக ஒன்றும் தென்படவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசியில் 'கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்' என்கிற வரி வந்தால், படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, ஆளைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று பொருள். எழுந்து வருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இப்போதைக்கு எதைச் சந்தேகப்படறீங்க சார்? சீட்டுல எழுதிடுங்க." அடுத்த முறை அங்கே உட்கார்ந்திருப்பது வேறு டாக்டராக இருக்கலாம். இவருடைய யோசனை தாளில் இருந்தால்தான் அவர் அங்கிருந்து தொடர்வார். இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

டெஸ்ட் விஷயத்தில் நம்ம பக்கம் நடக்கும் தவறுகள் இரண்டு வகை. ஒன்று, டெஸ்ட்டே எடுக்காமல் ஊசி. இன்னொன்று, வேண்டியது வேண்டாதது எல்லாம் எடுப்பது. எழுபது எண்பது டெஸ்ட் கொண்ட பேக்கேஜ் போட்டால் நோய் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். லேப் தரும் 'நார்மல்' எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் விழுகிற இடைவெளி. அதாவது ஒரு நோயும் இல்லாதவருக்கே இருபது டெஸ்ட் எடுத்தால் ஒன்று எல்லையைத் தாண்டிச் சிவப்பு எழுத்தில் வர வாய்ப்புண்டு. எண்பதில் நாலு வரும். அந்த நாலைத் துரத்திக்கொண்டு ஓடுவதில் பணமும் மாதங்களும் போகும், உண்மையான நோவு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும்.

லூபஸைத் தேட எடுக்கும் ஏ.என்.ஏ. ரத்த டெஸ்ட் பாசிட்டிவ் என்றதும் லூபஸ் என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். 1:40 என்ற குறைந்த அளவில் ஆரோக்கியமானவர்களிலேயே நாலில் ஒருவருக்காவது அது பாசிட்டிவ் காட்டும். 1:160 அளவில்கூட நூற்றில் ஐந்து பேருக்கு இருக்கும். அளவு எவ்வளவு, கூடவே வாய்ப்புண், வெயில் பட்டால் தடிப்பு, முடி கொட்டுதல், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்தால்தான் பொருள். முடக்குவாதத்துக்கு எடுக்கும் ஆர்.ஏ. ஃபேக்டரும் அப்படித்தான். டி.பி.யிலும், நாள்பட்ட கல்லீரல் தொற்றிலும், வயதானாலும் ஏறும். முடக்குவாதத்துக்கு ஆன்டி சி.சி.பி. அதைவிட நம்பத்தக்கது, ஆனால் அது நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் உள்ளவர்கள் உண்டு. ஈ.எஸ்.ஆர். வயதோடும் ரத்தக் குறைவோடும் தானாகவே ஏறும். தோராயக் கணக்கு: ஆணுக்கு வயதில் பாதி, பெண்ணுக்கு வயதோடு 10 கூட்டிப் பாதி. 60 வயது அம்மாவுக்கு 35 என்றால் பதற வேண்டியதில்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை தின்பவர்கள் தைராய்டு டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பல மெஷின்கள் பொய் நம்பர் காட்டும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தம் குறைந்தவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியலாம்.

விடால் டெஸ்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ச்சல் என்று போனால் விடால், பாசிட்டிவ் வந்தால் டைபாய்டு, ஏழு நாள் ஆன்டிபயாட்டிக். டைபாய்டு அடிக்கடி வந்துபோகும் ஊரில் ஒரே ஒரு விடால் ரிப்போர்ட்டை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பழைய தொற்றின் மிச்சம்கூடப் பாசிட்டிவ் காட்டும். வருஷத்துக்கு மூன்று தடவை 'டைபாய்டு' வந்தவரின் ஃபைலைப் பார்த்தால், ஒரு தடவைகூட ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எடுத்திருக்க மாட்டார்கள். கல்ச்சர்தான் சாட்சி. அதை ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 'இவ்ளோ ரத்தமா எடுக்கறது' என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். குறைவாக எடுத்தால் கிருமி சிக்காது.

நெரிசலான வீடுகள் உள்ள நம்ம பகுதியில் நீண்ட காய்ச்சல், இளைப்பு, கழுத்துக் கட்டி என்றால் டி.பி.யை ஒதுக்காமல் எதையும் பேசக் கூடாது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் நிணநீர்க் கட்டியில், முதுகெலும்பில், குடலில் இருக்கலாம். சளி இருந்தால் இரண்டு சாம்பிள், அதில் ஒன்று விடியற்காலை எழுந்ததும் எடுத்தது. வாயை வெறும் தண்ணீரால் கொப்பளித்து, மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். வெளியில், காற்றோட்டமான இடத்தில். எச்சில் கொடுத்தால் 'இல்லை' என்றே வரும். அரசு மையங்களில் இந்தப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு டெஸ்ட்டுக்குப் போகாதீர்கள். அது டி.பி. கிருமியைக் கொஞ்சம் அடக்கும், ஒழிக்காது. காய்ச்சல் இரண்டு வாரம் விட்டுத் திரும்பும், டெஸ்ட் மட்டும் குழம்பும்.

கட்டியிலிருந்து சதை எடுக்கும்போது (பயாப்ஸி) கூட இருப்பவர் கவனிக்க வேண்டிய சின்ன விஷயம் ஒன்று. சதையைப் போடும் டப்பாவில் சாதாரணமாக ஃபார்மலின் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்க்க அது வேண்டும். ஆனால் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், டி.பி. கல்ச்சர் செய்ய முடியாது. அதற்கு இன்னொரு துண்டு உப்புநீரில், அதாவது சலைனில், போக வேண்டும். "ஒண்ணு டி.பி. டெஸ்ட்டுக்கு சலைன்ல போடுவீங்களா மேடம்?" என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டு, மறுபடி கத்தி வைக்க நேர்வது கொடுமை. ரிப்போர்ட் குழப்பமாக வந்தால் உடனே மறுபடி சதை எடுக்கத் தேவையில்லை. மெழுகில் பதித்த பிளாக்கையும் ஸ்லைடையும் எழுதிக் கொடுத்து வாங்கி வேறு ஆஸ்பத்திரியில் காட்டலாம்.

பேர் தெரியாத நோயைக் கெடுப்பதில் முதலிடம் பேர் தெரியாத மாத்திரைக்கு. தெருமுனை கிளினிக்கில் பொட்டலமாக மடித்துக் கொடுக்கும் வெள்ளை, மஞ்சள், ரோஸ் மாத்திரைகள், 'மூட்டுவலி பவுடர்', பேர் எழுதாத இரண்டு ஊசி. இரண்டே நாளில் பறக்கலாம் போல இருக்கும், பசி அள்ளும், நிறுத்தினால் பழையபடி விழும், சில மாதத்தில் முகம் உருண்டு சர்க்கரை ஏறும். இப்படி இருந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. முடக்குவாதத்திலும் லூபஸிலும் டாக்டர்களே அதைத்தான் கொடுத்து உயிரைக் காப்பாற்றுகிறார்கள். பேர் தெரியாமல், நோய் என்னவென்று தெரிவதற்கு முன் தின்பதில்தான் ஆபத்து. ஒளிந்திருக்கும் டி.பி.யை அது கிளப்பிவிடும், நிணநீர்ப் புற்றைத் தற்காலிகமாகச் சுருக்கி பயாப்ஸியையே ஏமாற்றும். தின்றிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், மிச்சப் பொட்டலத்தையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் தின்றதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும். வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கி மயக்கம் வரை போகும். ஃபைலின் அட்டையிலேயே 'ஸ்டீராய்டு எடுக்கிறார்' என்று பட்டையான பேனாவில் எழுதி வையுங்கள்.

மெடிக்கலில் அட்டையை வெட்டித் தரும்போது பேரும் எக்ஸ்பைரியும் உள்ள பக்கம் நம் கையில் இருக்கும்படி கேளுங்கள். வலி மாத்திரையில் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகையை இரண்டு டாக்டர் இரண்டு பிராண்டில் எழுதியிருப்பார்கள், இரண்டையும் சேர்த்துத் தின்பார்கள். மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் போய் வெறும் வயிற்றில் டீயோடு போடுகிறவர்கள் கறுப்பாக மலம் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வயிற்றில் ரத்தக் கசிவாக இருக்கலாம். தினமும் போட்டால் கிட்னியும் மெல்லக் கெடும்.

வாதநோய்க்கு எழுதும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் மாத்திரை. இதைத் தினமும் தின்று எலும்பு மஜ்ஜை வற்றி, வாயெல்லாம் புண்ணாகி வருகிறவர்கள் உண்டு, உயிரே போகலாம். சீட்டில் 'வாரம் 1' என்று சின்னதாக இருக்கும், மருந்து கொடுக்கும் கவுன்டரில் அவசரத்தில் காதில் விழாது. வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்ன கிழமையை அட்டை மேல் 'செவ்வாய் மட்டும்' என்பது மாதிரி தமிழில் எழுதி, தினசரி மாத்திரைகளோடு சேர்க்காமல் வேறு டப்பாவில் வையுங்கள். கூடவே தரும் 5 மி.கி. ஃபோலிக் ஆசிட் வேறொரு நாள், டாக்டர் சொன்ன கிழமையில். இந்த மருந்தோடு குடி ஆகாது, கர்ப்பம் ஆகவே ஆகாது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறு டாக்டர் கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுத வந்தால் 'மெத்தோட்ரெக்சேட் சாப்பிடறேன்' என்று சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் விஷம். லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுவின் அளவு பொதுவாக எடையில் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 40 கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 200 மி.கி. ஆரம்பித்த முதல் வருஷத்துக்குள் கண் பரிசோதனை ஒன்று வேண்டும். எடை குறைந்தால் ஓ.பி.யில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய அளவே தொடர்ந்துவிடும்.

எங்கே போவது என்பதில் ஊர் சுற்றல்தான் பெரிய இழப்பு. ராயபுரத்தில் ஒருவர், வியாசர்பாடியில் ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று அண்ணா நகரில் ஒருவர் என்று மூன்று மாதத்தில் மூன்று வைத்தியம். ஒருவரும் இரண்டாவது தடவை பார்த்திருக்க மாட்டார்கள். சந்தேக நோயை இரண்டாம், மூன்றாம் வருகையில்தான் கண்டுபிடிப்பார்கள். ஸ்டான்லியிலோ, சென்ட்ரலுக்கு எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையான ஜி.எச்.சிலோ முதலில் மெடிசின் ஓ.பி., அங்கிருந்துதான் தனித் துறைக்கு அனுப்புவார்கள். கிழமைக்கு ஒரு யூனிட் என்று பிரித்திருப்பார்கள். முதலில் பார்த்த யூனிட்டின் பேரையும் கிழமையையும் சீட்டின் மேல் வட்டம் போட்டு வைத்து, அடுத்த தடவையும் அதே கிழமை போங்கள். வேறு கிழமை போனால் வேறு குழு, மறுபடி 'என்னம்மா பண்ணுது?' மூட்டு வாதத்துக்கு ஜி.எச்.சில் தனித் துறையே இருக்கிறது. திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கத்திலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ நேராகப் போகிறது, லிஃப்ட் உண்டு. முட்டி வீங்கியவரை ஷேர் ஆட்டோவின் பின் பலகையில் குலுக்கிக்கொண்டு போவதைவிட அந்தக் காசு தகும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை என்றாலும் அது பெரும்பாலும் அட்மிஷனும் ஆபரேஷனும் சார்ந்தது. வெளிக்கடையில் வாங்கும் மாத மாத்திரைக்குப் பணம் தராது. நோய் முற்றிய பிறகு அட்டைக்கு அலையாமல், நடக்க முடிகிற காலத்திலேயே எடுத்து வைப்பது புத்தி. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு, வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்டத்தில் பதிந்துகொண்டால் அதற்காக ஒரு ஓ.பி. நாள் மிச்சம்.

வீட்டுக்குள் இருக்கும் சங்கடத்தை எந்தத் துறையும் பார்ப்பதில்லை. ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும், 'அதான் ஒண்ணுமில்லன்னுட்டாங்களே, எழுந்து வேலையப் பாரு' என்பார்கள். 'இதுவரை பார்த்ததில் தென்படவில்லை' என்பதற்கும் 'நோயே இல்லை' என்பதற்கும் வித்தியாசம் உண்டு, அதை மாமியாருக்கோ புருஷனுக்கோ நோயாளி வாயால் சொன்னால் எடுபடாது. ஒரு தடவை அவர்களையே கூட அழைத்துப்போய் டாக்டர் வாயால் கேட்க வையுங்கள். மனநல ஓ.பி.க்கு அனுப்பினால் 'பைத்தியம்னு சொல்றாங்க' என்று கோபித்துக்கொண்டு திரும்ப வேண்டாம். மாதக்கணக்கில் தூக்கமில்லாத வலி மனதையும் சாய்க்கும், அதற்கு மருந்து எடுத்தால் வலியும் கொஞ்சம் இறங்கும். வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொள்வதிலும் தர்காவில் கயிறு கட்டுவதிலும் ஒரு கெடுதலும் இல்லை. வயிற்றுக்குள் போவதைத்தான் கேட்டுப் போட வேண்டும்.

நல்ல நாள் வந்ததும் தேங்கிய துணி, தண்ணீர், பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பார்கள். மறுநாள் படுக்கை, அடுத்த இரண்டு நாளும் படுக்கை. இருபது நிமிஷம் வேலை, பத்து நிமிஷம் உட்காருதல் என்று நல்ல நாளிலும் பிரித்துச் செய்தால் வாரம் முழுக்க ஓரளவு நகரும். 15 லிட்டர் குடம் நிரம்பினால் 15 கிலோ. பாதி நிரப்பி இரண்டு நடை போங்கள், நின்று பேச ஒரு சாக்கும் கிடைக்கும்.

சில அறிகுறிகளுக்கு ஓ.பி. நாள் பார்க்கக் கூடாது, 108தான். படுத்தால் மூச்சு முட்டுவது, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, திடீர்ப் பார்வைக் குறைவு, கழுத்து விறைத்த காய்ச்சல், ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்துக் காய்ச்சல், ஸ்டீராய்டோ மெத்தோட்ரெக்சேட்டோ எடுப்பவருக்குக் குளிரோடு காய்ச்சல். சிறுநீர் நுரைத்து, கண்ணிமையும் காலும் வீங்கினால் மறுநாள் காலையே போக வேண்டும்.

ஓ.பி.க்கு முந்தின ராத்திரி செய்ய வேண்டியது இவ்வளவுதான். கட்டத்தில் கடைசி வரி எழுதியாயிற்றா பாருங்கள். மேல் தாளில் மாத்திரைகளைப் புதுப்பியுங்கள். கேட்க வேண்டிய மூன்று கேள்வியை நோட்டின் பின்னட்டையில் எழுதுங்கள், நாலாவதுக்கு நேரம் இருக்காது. வெறும் வயிற்று டெஸ்ட் என்றால் மட்டும் சாப்பிடாமல் போங்கள், இல்லாவிட்டால் இரண்டு இட்லி தின்று மாத்திரையும் போட்டுவிட்டுப் போகலாம். வரிசை பதினொன்று வரை இழுக்கும். ஆதார், காப்பீட்டு அட்டை, சார்ஜ் உள்ள போன், சில்லறை. தண்ணீர் பாட்டிலைத் தனிப் பையில் வையுங்கள், ஃபைலோடு வேண்டாம்.